சிங்கி பிடிக்கப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, புளோரிடா கீஸ்ல வாடகைப் படகுல ஏறி, சிலிண்டரை முதுகுல கட்டிக்கிட்டு சிங்கி இறால் பிடிக்கப் போறியாம்லா? ரொம்பச் சந்தோசம். தூத்துக்குடியில நாங்கல்லாம் கூலிக்குக் கடல்ல குதிச்சோம். நம்ம வம்சத்துல கூலி குடுத்துக் குதிக்கிற மொத ஆளு நீதாம்ல.

ஆகஸ்ட் 6-லருந்து மார்ச் 31 வரைக்கும் அங்க சிங்கி சீசன் தாராளமாக் கெடக்கு. ஆனா ஜூலைக் கடைசியில சேந்தாப்புல வார புதனும் வியாழனும் பொழுதுபோக்குக்காரங்களுக்குன்னு ரெண்டு நாள் விடுதாங்கள்லா, அன்னைக்குத்தான் ஊரே தண்ணிக்குள்ள கெடக்குமாம். நீயும் அன்னைக்கே போ. தள்ளுமுள்ளு இல்லன்னா உனக்குச் சோறு எறங்காதே.

அந்தச் சிங்கிக்குப் பெரிய கொடுக்கு கெடையாது, மீசைதான். மீசையைப் பிடிச்சு இழுத்தேன்னா மீசை உன் கையில, சிங்கி பாறைக்குள்ள. குத்தக் கூடாது, கொக்கி போடக் கூடாதுன்னு சட்டம் வேற. அதனால ஒரு கையில நீளக் குச்சி, மறு கையில வலை. குச்சியைப் பொந்துக்குள்ள விட்டு வால் பக்கமா மெல்லத் தட்டு. என்னமோ ஏதோன்னு வெளிய நடந்து வரும். வந்ததும் வலையை அதுக்குப் பின்னால வச்சிட்டு, மூஞ்சிக்கு நேரா குச்சியை ஆட்டு. மெரண்டா அது வாலை அடிச்சுப் பின்பக்கமாத்தான் பாயும், நேரா வலைக்குள்ள. முன்னால நிக்கவனை மட்டுமே பாத்துப் பயப்படுதவன் கதி அதாம்ல.

பிடிச்சதும் பையில போட்டுராத. தண்ணிக்குள்ள வச்சே கேஜ் போட்டு அளக்கணும். கொம்பு ரெண்டுக்கும் நடுவுலருந்து முதுகு ஓடு முடியிற வரைக்கும் 3 இஞ்சைத் தாண்டணும். சரியா 3 நின்னாலும் விட்டுரு. வயித்துக்கடியில முட்டை ஒட்டியிருந்தா, எம்புட்டுப் பெருசுன்னாலும் கும்பிட்டு அனுப்பு. கீஸ்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 6தான். கடல்லயே வாலைப் பிய்ச்சிட்டு வாரதும் ஆகாது, முழுசாத்தான் கரையேறணும். பைக்குள்ள கெடக்க சிங்கிக்கு இம்புட்டுச் சட்டம் காவல் நிக்கி. பையைத் தூக்கிட்டு வார உனக்கு எவன்ல காவல்?

உனக்கு இன்னொரு கேஜ் இருக்கு, காத்தைக் காட்டுறது. ஆறாவது சிங்கி இன்னா வருது அன்னா வருதுன்னு ஆசை காட்டும் பாரு, அப்பத்தான் அதைப் பாக்கணும். முள்ளு 500 பிஎஸ்ஐக்கு வாரப்போ நீ படகுல உக்காந்திருக்கணும், பொந்துல கையை விட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. சிங்கி எங்கயும் போகாது. அதுக்குச் சிலிண்டர் வேண்டாம்.

சங்கு குளிச்ச நாங்க மூச்சை அடக்கிப் பொழச்சோம். நீ எங்களைப் பாத்து அடக்கிராத. சிலிண்டர் காத்தை நெஞ்சுல அடக்கிட்டு மேல வந்தேன்னா, ஏற ஏறக் காத்து விரிஞ்சு நுரையீரலையே கிழிச்சிரும். மூச்சை விட்டு வாங்கிக்கிட்டே, நிமிசத்துக்கு 30 அடிக்கு மேல ஏறாம வா. 15 அடியில மூணு நிமிசம் நில்லு. செவப்புக் கொடியில வெள்ளைக் குறுக்குப் பட்டை போட்டிருக்கும்லா, அதுக்குப் பக்கத்துலயே தலையைத் தூக்கு. அந்தக் கொடியச் சுத்தி 300 அடிக்குள்ள படகெல்லாம் மெதுவா வரணும்னு விதி. ஆனா அன்னைக்குச் சுக்கான் பிடிக்கவன்ல பாதிப்பேரு வருசத்துக்கு ரெண்டு நாள் மாலுமி. மேல பாக்காம ஏறாத.

ஒண்ணுமே சிக்கலன்னாலும் வெக்கப்படாத. ஆகஸ்ட் 6 கழிச்சு யாவாரி படகெல்லாம் கரைக்கு வரும். ரெண்டு சிங்கி வாங்கி, நனைஞ்ச தலையோட படம் எடுத்து அனுப்பு. ஆச்சி தேதியா பாக்கப் போறா? ஊரெல்லாம் காட்டிருவா. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ: விலை கம்மின்னு வெறும் வாலை வாங்கிராத. மத்தவங்களுக்குத் தெரியாட்டாலும் எனக்குத் தெரிஞ்சிரும்.