பெயருக்கு வந்த கோபம்

2010 ஆகஸ்டில் இந்தியாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கார்பாபெனெம் வகை உயர்ரக ஆன்டிபயாடிக்குகளையே சிதைத்துப்போடும் நொதி ஒன்று நம் மருத்துவமனைக் கிருமிகளிடம் பரவிக்கிடக்கிறது என்று லான்செட் குழும மருத்துவ இதழில் கட்டுரை வந்திருந்தது. நொதியின் பெயர் என்.டி.எம்.-1. அதில் 'என்.டி.' என்பது நியூ டெல்லி. போதாதா? நாடாளுமன்றம் கொதித்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வந்த அந்நியச் சதி என்றார்கள். கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் என்பது கதைக்குச் சற்று இடைஞ்சல்தான். ஆனாலும் சதி, சதிதான்!

தலைநகரின் மானம் காப்பாற்றப்பட்டது. கிருமி தன் வேலையைத் தொடர்ந்தது.

நாமும் தொடர்ந்தோம். மூக்கு ஒழுகினால் அசித்ரோமைசின். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்பது எழுதிக்கொடுக்கிற டாக்டருக்குத் தெரியாதா? கல்லூரியிலேயே படித்திருப்பார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பினால் நாம் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவோமே! சீட்டே வேண்டாம் என்பவர்களுக்கு மெடிக்கல் ஷாப் இருக்கிறது. அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுப்பார்கள். 2014 மார்ச் முதல் சில ஆன்டிபயாடிக்குகளும் அடங்கிய எச்1 பட்டியல் மருந்துகளை விற்றால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் தெருக் கடையில் அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

தேவையில்லாமல் விழுங்கும் மருந்துக்குக் கிருமிகள் பழகிப்போகின்றன. இதன் அறுவடை ஐ.சி.யு.வில் நடக்கிறது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயருக்கு நேரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்று வரிசையாக விழுந்திருக்கும். எதற்கும் கேட்காது என்று அர்த்தம். கடைசியில் கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒருகாலத்தில் ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து. வேறு கதியில்லாமல் திரும்ப அழைக்கப்பட்டது. அந்தக் கடைசி மருந்தை நாம் பொத்திப் பொத்தி வைத்திருந்தோமா? பிராய்லர் கோழி கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கலந்தோம். தடை வந்தது 2019 ஜூலையில்! அதுவரை வெண்டிலேட்டரில் கிடந்தவனுக்கும் கறிக்கடைக் கோழிக்கும் ஒரே மருந்து. சமத்துவம் என்றால் இதுவல்லவா?

அந்த 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது கணிப்பு. இவர்களுக்காக எந்த அவையும் கொதித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த முறை சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதினால், "இது எந்தக் கிருமிக்கு, டாக்டர்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.