கேளுங்கள், சொல்கிறோம்: பள்ளிக்கு ஓட்டு விழுமா?

கே: அமெரிக்காவில் பள்ளிக்கூடம் கட்டக்கூட ஓட்டெடுப்பு உண்டாமே? (திருவாலங்காடு வாசகர்)

ப: உண்டு. கலிஃபோர்னியாவில் ஊர்ப் பள்ளிக் கட்டடத்துக்குக் கடன்பத்திரம் வெளியிட வாக்காளர்கள் சம்மதம் வேண்டும். சொத்து வரி கட்டி அந்தக் கடனை அடைக்கப் போகிறவர்கள் அவர்கள்தானே! முன்பெல்லாம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தாக வேண்டும். 65 சதவீதம் பேர் சரி என்றாலும் பள்ளி 'அவுட்'. 2000 நவம்பரில்தான் அதை 55 சதவீதமாகக் குறைத்தார்கள். கூடவே தணிக்கை, ஊர்க்காரர்களின் கண்காணிப்புக் குழு என்று கடிவாளமும் போட்டார்கள். நம்மூரில் 35 சதவீதம் வாங்கியே எம்.எல்.ஏ. ஆகிவிடலாம்.

கே: நம்மை யாராவது கேட்கிறார்களா?

ப: வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்து காசு வீதம் நூலக வரி இருக்கும். கேட்டா போட்டார்கள்?

கே: பழையனூர் நீலி கதையில் வேளாளர் எழுபது பேர் வாக்குக் கொடுத்தார்கள். கிராம சபையில் எழுபது பேர் கைதூக்கினால் பள்ளிக்குச் சுவர் வருமா?

ப: எழுபது பேர் போதாதே! 500 பேருக்கு மேல், 3,000 வரை மக்கள்தொகை என்றால் நூறு பேர் வரவேண்டும். 10,000 வரை இருநூறு. தீர்மானம் போடலாம், தப்பில்லை. ஆனால் பணத்தை ஒதுக்குகிறவர் வேறிடத்தில் இருக்கிறார். வேளாளர்களாவது சொன்ன சொல்லுக்குத் தீயில் இறங்கினார்கள்.

கே: ஓட்டும் இல்லாமல், வரியும் இல்லாமல் ஜனங்களே கொடுத்ததுண்டா?

ப: உங்கள் ஸ்டேஷனில் ஏறினால் திருவள்ளூர்ப் பக்கம் மூன்றாவதாக வருமே கடம்பத்தூர், அங்கேதான் 1958-ல் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. முதல்வர் காமராஜர், முன்னின்று நடத்தியவர் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. பள்ளிக்கு என்னென்ன குறை என்று பட்டியல் போட்டு ஊரார் முன் வைத்தார்கள். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை, நிலம் என்று வந்து குவிந்தன. பிறகு மாநிலம் முழுக்க அதே முறைதான். திருவாலங்காடு அப்போது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்; 1960 ஏப்ரல் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தீர்கள்!

கே: கும்மிடிப்பூண்டி கம்பெனிகள் பள்ளிகளுக்குச் செய்யலாமே?

ப: செய்கின்றன. பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 சட்டம். எந்தப் பள்ளிக்கு என்பதைத் தீர்மானிப்பது கம்பெனிதான். தலைமை ஆசிரியர் கழிப்பறை கேட்டு மனு கொடுப்பார். ரோட்டைப் பார்த்த சுவருக்குப் பெயின்ட் வரும், கம்பெனிப் பெயரோடு.

கே: நம்மூரில் ஓட்டு வைத்தால் பள்ளி ஜெயிக்குமா?

ப: பிள்ளையைக் காலையில் மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறவர் அரசுப் பள்ளிக்கு வரி கட்டச் சம்மதிப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பை 2009 கல்வி உரிமைச் சட்டம் அவர்களிடம்தான் கொடுத்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தத் திட்டத்தை வாங்கிப் படியுங்கள்.