கையெழுத்துப் போட்ட மெயில்

கேள்வி: எங்கள் கடை இணையதளத்திலிருந்து போகும் பில் மெயில் எல்லாம் ஸ்பேமில் விழுகிறது. ‘டிகிம் போடுங்கள்’ என்கிறார் ஹோஸ்டிங்காரர். அவசியமா?

பதில்: அவசியம். இன்றைக்கே போடுங்கள். உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம். இது உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டுவது டிகிம் கையெழுத்து. ரகசியச் சாவி சர்வரில் இருக்கும். அதன் ஜோடியான பொதுச் சாவி, டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில், ஊரறிய இருக்கும். வழியில் யாராவது பில் தொகையைத் திருத்தினால் கையெழுத்து பொருந்தாது.

சாவி நீளத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. சக்கரி ஹாரிஸ் என்ற கணித நிபுணருக்கு கூகுளிலிருந்து வேலைக்கு அழைத்து ஒரு மெயில். சந்தேகப்பட்டுச் சோதித்தால், கையெழுத்துச் சாவி வெறும் 512 பிட்! வேலைக்கான பரீட்சை இதுதான் போலும் என்று நினைத்து அதை உடைத்தார். கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின் பெயரில், இன்னொரு நிறுவனர் லாரி பேஜுக்கே மெயில் அனுப்பினார். பதில் வரவில்லை, இரண்டே நாளில் சாவி 2048 பிட் ஆகிவிட்டது. 2012-இல் இந்தக் கதை வெளியே வந்தது.

நீங்களும் 2048 வையுங்கள். டிகிமுக்குத் துணையான எஸ்பிஎஃப், டிமார்க் என்ற மெயில் பாதுகாப்புகள் இரண்டையும் சேர்த்தே ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். டொமைனின் டிஎன்எஸ் வேறு நிறுவனத்திடம் இருந்தால், பொதுச் சாவியை அங்கேதான் பதிய வேண்டும். பலர் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான்.