டீப்பெட்டியும் அயூஸ் மரமும்

எழுபதுகளின் பிற்பாதியில் பாளையங்கோட்டைப் பையன்களுக்கு டேபிள் டென்னிஸ் பேட் மளிகைக் கடையிலிருந்துதான் வந்தது. மலையிலிருந்து தேயிலை அப்போது ப்ளைவுட் பெட்டியில் இறங்கும். விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள். அண்ணாச்சி கடைசித் தூளை வழித்தெடுக்கும் நாளுக்காகக் காத்துக் கிடப்போம். “என்னலே, தேயில வாங்க ஒருத்தனக் காணோம், பெட்டிக்கு மட்டும் வரிசையில நிக்கிய!” என்பார்.

ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைப் பிரித்தால் கனம் போதாது. இரண்டு பலகைக்கு நடுவே வச்சிரம் காய்ச்சித் தடவி, மேலே அம்மிக்கல்லை ஏற்றுவோம். அன்று வீட்டில் சட்னி கிடையாது. மறுநாள் தெருமுனை ஆசாரி, “இன்னும் மெலிஞ்சா தோசைக்கரண்டி ஆயிரும் தம்பி” என்று சொல்லிக்கொண்டே இழைத்துத் தருவார். கூலி, அவருக்கு ஒரு கட்டுப் பீடி.

ரப்பருக்குப் பழைய ஹவாய் செருப்பு. இதில் எங்களுக்கு முன்னோடி உண்டு. 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டிக்கு ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த நுரை ஒட்டிய மட்டையோடு வந்தார். பந்து படும் சத்தமே கேட்காமல் எதிராளிகள் திணற, பட்டத்தை வாங்கிப் போனார். வெறும் நுரை மட்டையை 1959இல் தடை செய்துவிட்டார்கள். தடை எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

என்ன மரம் என்று அன்று யாரும் கேட்டதில்லை. இன்று, ஓய்வுபெற்ற பிறகு மறுபடி பேட் செய்ய உட்கார்ந்தால், மரத்தின் ஜாதகமே கையில் இருக்கிறது. போட்டி விதிப்படி மட்டையின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்கவேண்டும். அளவும் வடிவமும் எடையும் நம் இஷ்டம். அந்த விதிப்படி பார்த்தால் டீப்பெட்டியை யாரும் குறை சொல்ல முடியாது, செருப்பைத்தான் சொல்வார்கள். வழக்கமான மட்டைக்கு ஐந்து அடுக்கு. நடுவில் தடிப்பாக, லேசான மரம். இருபுறமும் அதற்குக் குறுக்கே ரேகை ஓடும் மெல்லிய வெனீர். அதற்கும் மேலே, கைப்பிடியின் போக்கிலேயே ரேகை போகும் லிம்பாவோ கோட்டோவோ. நடுவுக்குப் பெயர்பெற்றது அயூஸ். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மரம். கானாவில் வாவா, நைஜீரியாவில் ஒபேச்சே. அடுத்தது கிரி. ஜப்பானில் துணி வைக்கும் பெட்டிகள் செய்கிற மரம் அது. ஆக, எவ்வளவு படித்தாலும் பெட்டியை விட்டுத் தாண்ட முடியவில்லை.

மரம்தான் இல்லை. தேயிலை காகிதச் சாக்குக்கு மாறிவிட்டது. வீட்டுக்கு வரும் பார்சல் எல்லாம் அட்டைப்பெட்டி. ஆசாரியின் பட்டறை இருந்த இடத்தில் மாடுலர் கிச்சன் ஷோரூம்; கதவைத் தட்டினால் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை மந்தமாகப் பதில் சொல்கிறது. ப்ளைவுட் கடையில் லேசான மரமாகக் கொஞ்சம் வேண்டும், டேபிள் டென்னிஸுக்கு என்றேன். “டேபிளுக்குன்னா மரைன் ப்ளையே போட்டுருங்க சார், எறும்பு அண்டாது. எத்தன டேபிள்?” என்றார். எட்டுக்கு நாலு ஷீட்டுக்குக் குறைந்து அவர் அறுக்கமாட்டாராம். அந்த ப்ளையில் ஒரு மட்டை செய்தால் விளையாட வேண்டாம், துணி துவைக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வெனீர் வரவழைக்கலாம். கேமரூனில் வெட்டின மரம் ஏதோ ஒரு துறைமுகம் சுற்றி, தபால் செலவு தன் விலையைத் தாண்ட, பாளையங்கோட்டைக்கு வந்து சேரும். இத்தனைக்கும் நம் பக்கமே மலைவேம்பு தோப்புத் தோப்பாக நிற்கிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்காரர்கள் விவசாயிகளிடம் எடுத்துச் சொல்லிப் பரப்பிய மரம். ப்ளைவுட் ஆலைகள் அதை உரித்து வெனீராக்குகின்றன. லேசு, நேரான ரேகை. நடு அடுக்குக்கு ஏன் ஆகாது என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

களக்காட்டில் மைத்துனன் அதைத்தான் போட்டிருக்கிறான். போன் செய்தேன். “வெட்டுற நேரந்தான் அத்தான், ஆலைக்காரன் வாரான். ஒங்களுக்கு எத்தன டன் வேணும்?”

கைப்பிடியோடு சேர்த்து 90 கிராம் என்றேன். லைன் கட்டாகிவிட்டது. தோப்புப் பக்கம் எப்போதுமே சிக்னல் சரியாக இருக்காது.