சைலன்ஸர் உடையார் இலக்கணம்

துப்பாக்கியின் குழல்முனையில் திருகிப் பொருத்தப்படும், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள உலோகக் குழாயை அமெரிக்கச் சட்டம் சைலன்ஸர் என்றும், விற்போர் சப்ரஸர் என்றும், வாங்கியோர் செல்லமாகக் கேன் என்றும் குறிப்பர். தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டைத் தள்ளிக்கொண்டு வந்து குழலை விட்டு வெளிப்படும் கணத்தில் ஒரேயடியாக விரிவதால் எழுவதே வெடிச்சத்தம். ஆகவே அவ்வாயு போகும் வழியில் நடுத்துளையுடைய தடுப்புத் தட்டுகளை அடுக்கி, அதை அறை அறையாகத் தங்கவைத்துச் சூட்டையும் வேகத்தையும் இழக்கச் செய்வதே இக்குழாயின் தொழில். இத்தட்டுகள் பேஃபிள் எனப்படும். கொள்கை அளவில் இதைவிட எளிய கருவி அரிது. இதை உடைமையாகக் கொண்டு வாழ்வதைவிடச் சிக்கலான வாழ்க்கையும் வேட்டைக்காரர்களிடையே அரிது.

உடையாரின் முதல் ஏமாற்றத்துக்குப் பொறுப்பு திரைப்படங்களுடையது. அங்கே கூலிக்கொலைஞர் கோட்டுப் பையிலிருந்து இக்குழாயை எடுத்து நிதானமாகத் திருகிச் சுட்டால், அடுத்த மேசையில் சூப் அருந்துபவர் கரண்டியைக்கூடக் கீழே வைப்பதில்லை. சில படங்களில் இது ரிவால்வரிலும் பொருத்தப்படுகிறது. ரிவால்வரின் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வாயு தாராளமாகக் கசியும் என்பதால் இது பெரும்பாலும் அலங்காரமே. உருளை முன்னகர்ந்து அவ்விடைவெளியை அடைத்துக்கொள்ளும்படி அமைந்த 1895ஆம் ஆண்டின் நாகன்ட் ரிவால்வர் போன்ற விதிவிலக்குகள் உண்டெனினும், இயக்குநர்கள் அதை ஆராய்ந்து தேர்ந்தெடுத்ததாகத் தோன்றவில்லை.

உண்மை நிலவரத்தை எண்களில் சொன்னால், வேட்டை ரைஃபிளின் சத்தம் பொதுவாக 160 முதல் 170 டெசிபெல் வரை இருக்கும். நல்ல சைலன்ஸர் அதில் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். டெசிபெல் அளவில் ஒவ்வொரு 10 புள்ளியும் ஒலியாற்றலில் பத்து மடங்கைக் குறிப்பதால், 30 டெசிபெல் குறைவு என்பது ஒலியாற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதாகும். அப்படிச் சுருங்கிய பின்னும் எஞ்சுவது 130 டெசிபெல்லோ அதற்கு மேலோ என்பதும், அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் திடீர் ஓசைக்குக் குறித்துள்ள உச்சவரம்பே 140தான் என்பதும் வாங்குபவர் பெரும்பாலும் வாங்கிய பிறகே படிப்பவை. போதாக்குறைக்கு, ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்ல, வேட்டைக் குண்டு 800 மீட்டருக்கும் மேல் பாய்வதால், அது தன் பாதை நெடுகிலும் சாட்டைச் சொடுக்கு போன்ற தனிச் சத்தம் ஒன்றை எழுப்பிக்கொண்டே போகிறது. குழலைத் தாண்டிய பிறகு குண்டு செய்யும் குற்றத்துக்குக் குழாய் பொறுப்பேற்பதில்லை. ஒலியைவிட மெதுவாகச் செல்லும் 0.22 அங்குலத் தோட்டாவைப் பயன்படுத்தினால் மட்டும் திரைப்பட அமைதிக்கு ஓரளவு அருகில் செல்லலாம்; ஆனால் அத்தோட்டா அணிலுக்கும் முயலுக்கும் உரியது, மானுக்கு உரியதன்று. ஆகவே காதைக் காக்க இக்குழாயை வாங்கியவரே காதுறையையும் மாட்டிக்கொண்டு சுடும் காட்சி அமெரிக்கச் சுடுகளங்களில் வியப்புக்குரியதன்று.

இக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஹைரம் பெர்சி மேக்சிம் (1869-1936), இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிமின் மகன் ஆவார். தந்தையோ தம் ஆயுதங்களின் ஓசையிலேயே செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். ஒரு தலைமுறை உண்டாக்கிய ஓசையைக் குறைக்கும் பொறுப்பு அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது. குளியல் தொட்டியின் நீர் வடிகுழியில் சுழன்று இறங்குவதைக் கண்டபோது மகனுக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. 1909இல் காப்புரிமையும் கிடைத்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே இதைப் பொருத்திய வின்செஸ்டர் ஒன்றை வைத்திருந்தார். பின்னாளில் மேக்சிமின் நிறுவனம் இயந்திரங்களின் இரைச்சலைக் குறைக்கும் பெரிய சைலன்ஸர்களின் பக்கம் திரும்பிவிட்டது. இவற்றுக்கிடையே அவர் 1914இல், முன்பின் அறியாதார் இரவெல்லாம் தந்திக் குறியீட்டில் தட்டித் தட்டி உரையாட உதவும் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்னும் வானொலி ஆர்வலர் சங்கத்தையும் தோற்றுவித்தார் என்பதால், அவர் அமைதியின் கட்சியைச் சேர்ந்தவரா, ஓசையின் கட்சியைச் சேர்ந்தவரா என்று அறுதியிட்டுக் கூறுவது கடினம்.

1934இல் இயற்றப்பட்ட தேசியச் சுடுகருவிச் சட்டம், இயந்திரத் துப்பாக்கிகளோடு இந்தச் சாதுக் குழாயையும் ஒரே பட்டியலில் அமர்த்தி, கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி கட்டவேண்டும் என்று விதித்தது. சில டாலருக்குக் கிடைத்துவந்த பொருளுக்கு, இன்றைய மதிப்பில் நாலாயிரம் டாலருக்கும் மேற்பட்ட வரி என்பதால், இது வரியின் வேடத்தில் வந்த தடை. அந்நாளைய பொருளாதார நெருக்கடியில் திருட்டு வேட்டை பெருகிவிடும் என்ற அச்சமே காரணம் என்று கருதுவோர் உண்டு. சட்டம் இயற்றியோர் பணவீக்கத்தைக் கணக்கில் கொள்ளாமையால் அதே 200 டாலர் 90 ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்று, தடையாகத் தொடங்கியது எரிச்சலாக முடிந்தது. இன்றும் 42 மாநிலங்களில் பொதுமக்கள் இதை வைத்திருக்கலாம். கலிபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட 8 மாநிலங்களில் கூடாது.

உடையாரின் வாழ்க்கையில் மிகுந்த ஆய்வுக்குரியது காத்திருப்புப் பருவம். கடையில் முழுப் பணமும் கட்டியாயிற்று. குழாயின் வரிசை எண் உடையாரின் பெயரோடு விண்ணப்பத்தில் ஏறியாயிற்று. ஆயினும் படிவம் 4 எனப்படும் அவ்விண்ணப்பம் பத்து விரல் ரேகையோடும் புகைப்படத்தோடும் மத்திய அரசின் சுடுகருவித் துறைக்குச் சென்று ஒப்புதலாகித் திரும்பும் வரை குழாய் கடைக்காரரின் பெட்டகத்திலேயே இருக்க வேண்டும். உடையார் வட்டாரத்தில் இதற்குச் சிறைவாசம் என்று பெயர். இது பல ஆண்டுகளாகப் பல மாதங்கள் நீடித்தது; சில காலங்களில் ஓராண்டையும் கடந்தது. நிச்சயதார்த்தம் முடிந்தும் முகூர்த்தம் குறிக்கப்படாத மாப்பிள்ளையின் நிலையில் இருந்த உடையார், ஏதாவதொரு சாக்கில் கடைக்குச் சென்று, தமக்கே சொந்தமான பொருளைக் கண்ணாடிக்கு மறுபுறம் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பக் கூசி ஒரு பெட்டித் தோட்டாவும் வாங்கி வருவார். தமக்கெனச் சுடுகளம் உள்ள சில கடைகளில், கடைக்காரரின் கண்பார்வையில் அவரே அதைச் சிறிது நேரம் பயன்படுத்திப் பார்க்கவும் அனுமதி உண்டு. அத்தகைய சந்திப்புக்குப் பின் வீடு திரும்பும் உடையாரின் மனநிலையை விவரிக்க உளவியல் இன்னும் வளர வேண்டும். 2024 முதல் பல மின்விண்ணப்பங்கள் சில நாட்களிலேயே தேறிவருகின்றன. ஓராண்டு காத்திருந்த மூத்த தலைமுறை இதை மகிழ்ச்சியோடு வரவேற்றது என்று சொல்வதற்கில்லை. பட்ட துன்பத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது, அது ஒரே ஆண்டில் சரிந்துவிட்டது.

தனிமனிதர் பெயரில் பதிவான குழாயை அவர் இல்லாதபோது வேறொருவர் தம்வசம் வைத்திருப்பது குற்றமாகக்கூடும் என்பதால், பலர் டிரஸ்ட் என்னும் சொத்துப் பொறுப்பாண்மை அமைப்பை ஏற்படுத்தி அதன் பெயரில் வாங்குகின்றனர். 2016 ஜூலை முதல் அமைப்பின் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் ரேகையும் புகைப்படமும் தரவேண்டும் என்று விதி மாறியதால், மைத்துனரைச் சேர்ப்பதா வேண்டாமா என்னும் பழைய குடும்பக் கேள்வி, காவல்துறைக்குத் தெரிவிக்கப்படும் ஆவணமாக உருப்பெற்றது. சேர்த்தால் குழாய் அடிக்கடி இரவல் போகும். சேர்க்காவிட்டால் பண்டிகை விருந்து கசக்கும். உடையார் இறந்தால் வாரிசுக்கு வரியின்றி மாற்றித்தரப் படிவம் 5 இருக்கிறது. மைத்துனருக்கென்று படிவம் எதுவும் இல்லை.

ஒப்புதல் வந்து குழாய் கைக்கு வந்ததும் மரைப் பருவம் தொடங்குகிறது. மரை என்பது குழல்முனையின் வெளிப்புறத்தில் வெட்டப்பட்டுள்ள திருகுச்சுற்று. அமெரிக்காவில் சிறு விட்டக் குழல்களுக்கு அரை அங்குலத்தில் அங்குலத்துக்கு 28 சுற்றும், 0.30 அங்குல வகைகளுக்கு எட்டில் ஐந்து அங்குலத்தில் 24 சுற்றும் பெருவழக்கு. ஐரோப்பியத் துப்பாக்கிகள் மில்லிமீட்டரில் பேசும். கலாஷ்னிகோவ் வகைகளில் பல 14 மில்லிமீட்டர் விட்டத்தோடு இடப்பக்கம் திருகுவன. இம்மரை தேயாமலிருக்க, சைலன்ஸர் இல்லாத வேளைகளில் அதன்மேல் ஒரு சிறு மூடி திருகப்படும். துப்பாக்கி சார்ந்த பொருள்களிலேயே மிக எளிதில் தொலைவது இதுதான். கழற்றியதும் சட்டைப் பையில் போடப்படும் இம்மூடி சட்டையோடு சலவை இயந்திரத்துக்குச் செல்லும். செல்லாதது சுடுகளத்துப் புல்லுக்குள் செல்லும். உதிரி மூடிகளை மொத்தமாக வாங்கி வைப்பவரே முதிர்ந்த உடையார்.

மரை கோணலாக வெட்டப்பட்டிருந்தாலோ, நடுவே நசுங்கும் வாஷர் போடப்பட்டிருந்தாலோ, குழாய் மயிரிழை சாய்ந்து, குண்டு தடுப்புத் தட்டை உரசிச் செல்லும். இதற்கு பேஃபிள் ஸ்ட்ரைக் என்று பெயர். இதன் ஓசையைக் குறைக்கும் கருவி இன்னும் வரவில்லை. நேரைச் சோதிக்கத் துல்லியமான எஃகுக் கம்பி ஒன்றும் விற்கப்படுகிறது; துப்பாக்கிக்கு வாங்கிய குழாயைச் சோதிக்க வாங்கிய இக்கம்பி வளைந்துள்ளதா என்று சோதிக்கச் சிலர் மேசைமேல் உருட்டிப் பார்க்கிறார்கள் என்பதும் இங்கே பதிவுக்குரியது.

நேரடியாகத் திருகும் குழாயின் தனிக்குணம், சுடச் சுடத் தளர்வது. தளர்ந்த குழாய் சாயும், சாய்ந்தது உரசும் என்பதால், சில குண்டுகளுக்கு ஒருமுறை கையால் இறுகப் பிடித்துத் திருகிப் பார்க்க வேண்டும் என்று அறிவுரை தரப்படுகிறது. தடைப்பட்ட வாயுவின் சூட்டில் ஒரு பகுதி உலோகத்தில் தங்குவதால், விரைவாகச் சுட்ட சில பத்துக் குண்டுகளிலேயே குழாய் தோலைப் பொசுக்கும் நிலையை அடைகிறது என்பது அதே அறிவுரையின் அடுத்த பத்தியில் வருகிறது. இவ்விரு பத்திகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் உடையாரின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வெந்துவிடுகின்றன. வீடு வந்து, ஆறிய குழாயைக் கழற்ற முயலும்போது நிலைமை தலைகீழாகிறது. வெடிமருந்துக் கரி மரையினுள் படிந்து இறுகிவிட, களத்தில் நில் என்றால் நில்லாத குழாய் இப்போது வா என்றால் வருவதில்லை. ஊடுருவும் எண்ணெய், பட்டைத் திருகி, பொறுமை ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவது எந்தக் கடையிலும் இல்லை. வலமா இடமா என்னும் ஐயம் இந்நேரத்தில் எழுந்தால், அரைமணி நேரம் தீவிரமாக முறுக்கி மேலும் இறுக்கிவிட்டவர்களும் உளர்.

குறிபார்ப்பதிலும் மாற்றங்கள் நேரும். குழல் நுனியில் புதிய எடை ஏறியதும் அதன் அதிர்வு மாறி, குண்டு முன்பு பட்ட இடத்தை விட்டு வேறிடத்தில், ஆனால் பிடிவாதமாக அதே வேறிடத்தில், படத் தொடங்கும். சூடேறிய குழாயிலிருந்து எழும் காற்று ஸ்கோப்புக்கு முன் அலையாடி, மரத்தில் ஒட்டிய காகித இலக்கை நீருக்கடியில் உள்ளதுபோல் நெளியவைக்கும். பாலைவனத்துக்குப் போகாமலே கானலைக் காணும் வசதி இது. இதற்கென உறை உண்டு. உறை கானலை மறைத்துச் சூட்டைக் காக்கும், பிறகு தானே கருகும். முதல் குண்டு மட்டும் அடுத்தவற்றைவிட உரக்க ஒலிக்கும்; குழாயினுள் இருந்த பிராணவாயுவில் எஞ்சிய வெடிமருந்து எரிவதே காரணம். ஆகவே நண்பர்களிடம் குழாயின் பெருமையை விளக்கிவிட்டுச் சுட்டுக் காட்டுபவர் எப்போதும் மிகச் சத்தமான குண்டையே முதலில் காட்டுகிறார். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியிலோ, தடைப்பட்ட வாயுவில் ஒரு பகுதி பின்னோக்கி வந்து சுடுபவரின் முகத்தைச் சேர்வதால், காதுக்குக் குறைந்த துன்பம் கண்ணுக்கும் மூக்குக்கும் இடம் மாறுகிறது.

இத்தனைக்கும் பின் இக்குழாய் வீண் என்று முடிவுகட்டினால் அது அநீதி. பின்னுதைப்பு குறைகிறது, பயிற்றுநரின் குரல் மாணவருக்குக் கேட்கிறது, வேட்டை நாயின் காதும் பிழைக்கிறது. நார்வே, பின்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இது வேட்டைக்காரரின் அன்றாடப் பொருள்களுள் ஒன்று. அதைத் திருகிக்கொள்பவரை அங்கே எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருமுறை இதோடு சுட்டுப் பழகியவர் இது இல்லாமல் சுட விரும்புவதில்லை என்பதுதான் உடையாரின் உண்மையான நோய். ஒரு மரைக்கு வாங்கியது மற்றொரு மரைக்குப் பொருந்தாது, சிறு குண்டுக்குரிய துளையில் பெரிய குண்டு நுழையாது என்பதால், நோய் எண்ணிக்கையில் பெருகும் இயல்புடையது.

இதுகாறும் வீட்டிலுள்ளோர் கையில் இருந்த ஒரே வலுவான வாதம் அந்த 200 டாலர் வரி. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சைலன்ஸருக்கான வரியைப் பூஜ்யமாக்கி அவ்வாதத்தையும் பறித்துக்கொண்டது. படிவம், புகைப்படம், ரேகை ஆகிய மற்றவை அப்படியே நிற்கின்றன. பூஜ்யம் டாலர் வரிக்கு உரிய முறைப்படி விண்ணப்பித்து, உரிய முறைப்படி காத்திருந்து, ஒப்புதல் பெறலாம். முதல் குழாயின் நினைவாகக் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொப்புளத்தோடு இரண்டாவது குழாய்க்கு மை தொட்டு ரேகை வைக்க வருபவரிடம், அவ்விரண்டு விரல்களும் சரியாகப் பதியவில்லை, ஆறிய பின் மறுபடி வரவும் என்று சொல்லப்படக்கூடும்.