ஓசியில் கொடுத்த ஏவுகணை

தான் இலவசமாகக் கொடுத்த பொருளை, வாங்கியவன் வாசலிலேயே போய் நின்று இரண்டு மூன்று மடங்கு விலைக்குத் திரும்பக் கேட்ட வல்லரசு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பொருளின் பெயர் ஸ்டிங்கர். தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணை. ஒரு மூட்டை சிமென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இராது. கோவேறு கழுதை முதுகில் கட்டி மலையேற்றிவிடலாம்; ஏற்றினார்கள்.

ஆப்கானிஸ்தானில் சோவியத் படையோடு மல்லுக்கட்டிய முஜாஹிதீன்களுக்கு ஆயுதம் கொடுப்பதில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்கு ஆரம்பத்தில் ஓர் ஆசாரம் இருந்தது. கொடுப்பதெல்லாம் சோவியத் பாணி ஆயுதமாக இருக்க வேண்டும். பிடிபட்டால், “எங்களுக்கு என்ன தெரியும், உங்கள் ஊர்ச் சரக்காச்சே” என்று கையை விரிக்கலாம். ஆனால் அந்த வகை ஏவுகணைகள் ஹெலிகாப்டரைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் போயின. பிரிட்டனின் புளோபைப்பையும் முயன்று பார்த்தார்கள். அதைக் கட்டைவிரலால் திருகித் திருகி இலக்கு வரை ஓட்டிப்போக வேண்டும். எதிரே ஹெலிகாப்டர் சுட்டுக்கொண்டே வரும்போது யாருக்கு அந்தப் பொறுமை?

1986இல் ரீகன் நிர்வாகம் ஆசாரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அசல் அமெரிக்கத் தயாரிப்பையே அனுப்பியது. அந்த ஆண்டு செப்டம்பரில், ஜலாலாபாத் விமானத்தளத்துக்கு வெளியே இன்ஜினியர் கஃபார் என்ற தளபதியின் ஆட்கள் பதுங்கியிருந்தார்கள். முதல் ஏவுகணை கொஞ்சதூரம் போய்ப் பாறைக்கு நடுவே பொத்தென்று விழுந்தது. அடுத்து சுட்டவை மூன்று ஹெலிகாப்டர்களை வீழ்த்தின. இதைப் படம்பிடிக்க ஒருவரை நியமித்திருந்தார்கள். மனிதர் சந்தோஷத்தில் கேமராவோடு ஓட ஆரம்பித்துவிட்டார். ஆவணத்தில் பதிவானதில் பெரும்பகுதி வானம், கல், புதர். ரீகனுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்களாம்.

2,000 முதல் 2,500 ஸ்டிங்கர் வரை போனதாகக் கணக்கு. கணக்கு வைத்தது யார் என்றால், பாகிஸ்தானின் உளவு அமைப்பான ஐஎஸ்ஐ. யாருக்கு எத்தனை என்று முடிவு செய்ததும் அவர்களே. சுட்டு முடித்தவர் காலிக் குழலைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்தது கிடைக்கும் என்று விதி வைத்தார்கள். விதி நன்றாகத்தான் இருந்தது. சுடாமல் பரணில் போட்டு வைப்பவனை என்ன செய்வது என்று மட்டும் அதில் இல்லை.

1987இலேயே சில ஸ்டிங்கர்கள் ஈரான் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கத்தார் கதை அதைவிட ருசி. 1988இல் தோஹாவில் ராணுவ அணிவகுப்பு. ஜம்மென்று ஸ்டிங்கர்கள் ஊர்வலம் வருகின்றன. அமெரிக்கா கத்தாருக்கு ஸ்டிங்கர் விற்றதே இல்லை! “எங்கிருந்து வந்தது, ஒப்படையுங்கள்” என்றது அமெரிக்கா. கத்தார் மறுத்தது. அமெரிக்க காங்கிரஸ் கத்தாருக்கு ஆயுத விற்பனையே கூடாதென்று தடை போட்டது. திருட்டுச் சரக்கை வாங்கியவர் அதைப் பீரோவுக்குள் வைப்பார் என்ற நம்பிக்கையையும் கத்தார் கெடுத்துவிட்டது. 1990இல் அவற்றை அழித்த பிறகுதான் சமாதானம்.

1989 பிப்ரவரியில் சோவியத் படை ஊருக்குப் போய்விட்டது. ஏவுகணைகள் போகவில்லை. அடுத்து ஒரு பயணிகள் விமானத்தின் மேல் எவனாவது இதைச் சோதித்துப் பார்த்தால் என்ன ஆவது என்று வாஷிங்டனுக்கு வியர்த்தது. வாங்கு, என்ன விலையானாலும் வாங்கு என்று காங்கிரஸ் பணம் ஒதுக்கியது. பேரீச்சம்பழ வண்டிக்காரர் தெருத்தெருவாகப் பழைய இரும்பு கேட்டு வருவாரே, அந்த வேலையை சிஐஏ ஏற்றது. பழத்துக்குப் பதில் டாலர். ஒன்றுக்கு 80,000 முதல் 1,50,000 டாலர் வரை. தரகு வேலை பார்த்தது யார்? அதே ஐஎஸ்ஐ. கமிஷனோடு. இந்தக் கொள்முதலுக்குச் சிஐஏ செலவிட்ட தொகை, அந்த ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானின் பசிக்கும் நோய்க்கும் அமெரிக்க அரசு கொடுத்த ரொக்க உதவிக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது என்று பத்திரிகையாளர் ஸ்டீவ் கோல் எழுதுகிறார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

1996 செப்டம்பரில் சிஐஏ அதிகாரி கேரி ஷ்ரோன் இதே வேலையாகக் காபூலுக்குப் போனார். போனது சாதாரணப் பயணிகள் விமானத்தில். அப்போதும் ஏறக்குறைய 600 ஸ்டிங்கர்கள் கணக்கில் வராமல் இருந்தன. துணிச்சல்காரர். முஜாஹிதீன் தளபதி அகமது ஷா மசூதைச் சந்தித்தார். மசூதுக்கோ பழைய மனத்தாங்கல்: இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தனக்குக் கொடுத்தது வெறும் எட்டு! எட்டையும் விற்கச் சம்மதித்தார். பிறகு காந்தஹாரில் தாலிபான்களையும் கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் விற்பதாக இல்லை.

2002 நவம்பரில் மொம்பாசாவில் ஓர் இஸ்ரேலியப் பயணிகள் விமானத்தை நோக்கி இரண்டு ஏவுகணைகள் பாய்ந்தன. சோவியத் வகைதான், பழைய புத்தி போகாமல் தவறிவிட்டன. 271 உயிர்கள் தப்பின. அதன் பிறகு உலகம் மளமளவென்று கையெழுத்துப் போட்டது. 2003இல் எவியானில் ஜி-8, பாங்காக்கில் ஏபெக், வியன்னாவில் ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வாஸனார் உடன்பாடு. சாராம்சம் ஒன்றுதான்: அரசுகளுக்கு மட்டும் கொடு, ஏவுகணையை ஓரிடத்திலும் சுடும் கருவியை வேறிடத்திலும் பூட்டி வை, எண்ணிக்கையைச் சரிபார். கழுதை முதுகில் ஏற்றி அனுப்பியவர்களும் இதில் கையெழுத்திட்டார்கள். பரிகாரம் என்று வைத்துக்கொள்வோம். பிற்பாடு பல நாடுகளின் கிடங்குகளில் கிடந்த ஆயிரக்கணக்கான ஏவுகணைகளை அழிக்க அமெரிக்காவே பணமும் கொடுத்தது.

2022இல் உக்ரைனுக்கு மீண்டும் ஸ்டிங்கர்கள் போயின, 1,400க்கும் மேல். இவை கள்ளச் சந்தைக்குப் போகாமல் தடுக்கும் திட்டத்தை அமெரிக்க வெளியுறவுத் துறை அதே ஆண்டு அக்டோபரில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே வெளியிட்டது. ஜலாலாபாத்துக்குப் பிறகு அதற்கு 36 ஆண்டுகள் பிடித்தன.