பேராண்டிக்கு இரும்பு ராடு

வா பேராண்டி, உக்காரு. நீ வர்றதுக்கு முன்னாடியே உன் சைலன்சர் வந்து சொல்லிட்டுப் போயிருச்சு. மாதா கோயில் மணிக்குக்கூட நம்ம ஆவூர்க்காரங்க இப்படித் திடுக்குன்னு திரும்பிப் பாத்ததில்லை. விராலிமலையில முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிறாங்க, சாமி ஏத்துக்குது. நீ பின்னாடி விடுற புகையைப் படைச்சா மயில் மேல ஏறி வேற மலை பாத்துப் போயிரும்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கான் ராடை மாத்தப் போறியாமே? அலுமினிய ராடைக் கழட்டி வீசிட்டு, சீமையிலருந்து வரவழைச்ச இரும்பு ராடு. ஹெச் எழுத்து மாதிரி கடைஞ்சது, அடியில ரோலர் பேரிங்கு. விலையும் விசாரிச்சுட்டேன். உங்க அம்மாகிட்ட இன்னும் வாயத் திறக்கலை. திறந்தா முதல்ல நிக்கிறது என் காப்பித்தண்ணி.

நல்ல யோசனைடா. மெய்யாத்தான் சொல்றேன். பதினெட்டு குதிரை இழுக்கிற பழைய 350 புல்லட்டு. அதுலயும் ரெண்டு குதிரை கிழடு தட்டிப்போச்சு. மிச்சக் குதிரைக்கு உலகத்துலயே பலமான ராடு போட்டுப் பாக்குற மனசு யாருக்கு வரும்? உங்க தாத்தன் பரம்பரை, அப்படித்தான் இருக்கும்.

கிழவனுக்கு என்ன தெரியும்னு உன் கண்ணு பேசுது. கிணத்து மேட்டுல ஆயில் இன்ஜின் பிரிச்சுக் கோத்த கை இது. கிர்லோஸ்கர் ஏவி1 பாத்திருக்கியா? 80 மில்லி போர், 110 மில்லி ஸ்ட்ரோக், அஞ்சு குதிரை, நிமிஷத்துக்கு 1,500 சுத்து. அதுக்கு மேல ஒரு சுத்து சுத்தமாட்டேன்னு கவர்னர் போட்டு வச்சிருப்பான். அதோட பிஸ்டன் நொடிக்கு சராசரியா அஞ்சரை மீட்டர் போகும். உன் புல்லட்டுக்கு ஸ்ட்ரோக் 90 மில்லி. 5,500 சுத்துக்கு முறுக்கினா பிஸ்டன் நொடிக்குப் பதினாறரை மீட்டர் போகும். மூணு பங்கு. அந்த ஆயில் இன்ஜின் ராடை அப்பன் போட்டான், மகன் ஓட்டினான், பேரன் கரண்டு மோட்டார் வந்ததும் பழைய இரும்புக்குப் போட்டான். அப்பவும் ராடு நேரா இருந்துச்சு.

ஏன்னு கேளு. ராடை ஒடிக்கிறது குதிரை இல்லை பேராண்டி, சுத்து.

மேல பெட்ரோல் வெடிச்சு பிஸ்டனைக் கீழ அமுக்குதே, அந்த அமுக்கத்தை ராடு ஓரளவு பொறுத்துக்கும். இழுப்புத்தான் அதுக்கு ஆகாது. கணக்குப் போடுவோமா? பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேத்து அரைக் கிலோன்னு வச்சுக்க. 5,000 சுத்துல அந்த அரைக் கிலோ உச்சிக்குப் போயி நின்னு திரும்புற நேரத்துல, ராடைப் பிடிச்சு மேல இழுக்கிற இழுப்பு முக்கால் டன்னுக்கு மேல. 7,000 சுத்துக்குப் போனா ஒன்றரை டன். சுத்து ரெண்டு பங்கானா இழுப்பு நாலு பங்கு, அதுதான் கணக்கு. அதுவும் ஒருக்கா இல்லை, 7,000 சுத்துன்னா நொடிக்கு 116 தடவைக்கு மேல. நீ பஸ் ஸ்டாண்டு ஆளுங்க பாக்கணும்னு ஒரு முறுக்கு முறுக்குறியே, அதுக்குள்ள ராடு எத்தனை தரம் செத்துப் பொழைக்குதுன்னு பாத்துக்க.

இன்னொண்ணு சொல்றேன், இதை உன் கூட்டாளிங்க எவனும் சொல்லியிருக்க மாட்டான். ஆக்சிலேட்டரைத் திறக்கிறப்ப ராடுக்கு ஆபத்து கம்மி, மூடுறப்பத்தான் அதிகம். நாலு ஸ்ட்ரோக்குல பிஸ்டன் ரெண்டு தரம் உச்சிக்கு வரும். ஒரு தரம் காத்தை நெருக்கிக்கிட்டு வரும், அந்தக் காத்தே மெத்தையாத் தாங்கும். இன்னொரு தரம் புகையைத் தள்ளிக்கிட்டு வரும், அப்ப வால்வு திறந்திருக்கு, தாங்க ஒண்ணும் இல்லை, பாரம் முழுக்க ராடு மேல. நீ வேகமாப் போயி, படக்குன்னு ஆக்சிலேட்டரை மூடி, கீழ்க் கியரை ஒரு மிதி மிதிச்சா சக்கரம் இன்ஜினைச் சுத்த வைக்கும். உள்ள வெடிப்பு இல்லை, நெருக்கக் காத்தும் இல்லை, சுத்து மட்டும் ஏறும். நல்லாப் போய்க்கிட்டிருந்த வண்டி, வேகத்தைக் குறைச்சதும் கிராங்க் கேஸை ஒடைச்சுக்கிட்டு ராடு வெளிய எட்டிப் பாத்துச்சுன்னு சொல்லுவாங்க. பெட்ரோலைத் திட்டுவாங்க, ஆயிலைத் திட்டுவாங்க. கால் மிதிச்ச கியரைத் திட்ட ஒருத்தனுக்கும் மனசு வராது.

இப்ப உன் பக்க நியாயத்தையும் சொல்லிடுறேன், இல்லேன்னா கிழவன் பொறாமைப்படுறான்னு போயிச் சொல்லுவே. புல்லட்டுக்கு அலுமினிய ராடு போட்டது வெள்ளைக்காரன். இங்கிலாந்துல ரெடிச்சுன்னு ஒரு ஊரு, அங்க செஞ்ச வண்டி. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க கூட்டுச் சேந்து இங்க கொண்டாந்தாங்க. அப்புறம் திருவொற்றியூர்லயே முழுசாச் செய்ய ஆரம்பிச்சாங்க. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஓடுன வண்டி, நிதானமா டுபு டுபுன்னு போறதுக்கு அந்த ராடு யதேஷ்டம். ஆனா அலுமினியத்துக்கு ஒரு கெட்ட குணம். இரும்புக்கு ஒரு எல்லை இருக்கு. அந்த எல்லைக்குக் கீழ எத்தனை கோடி தரம் இழுத்தாலும் அலுக்காது. அலுமினியத்துக்கு அப்படி எல்லையே கிடையாது. சின்ன இழுப்பையும் கணக்கு வச்சுக்கிட்டே இருக்கும், ஒரு நாள் மொத்தமா வசூல் பண்ணும். உன் வண்டி ராடு எத்தனை வருஷம் இழுபட்டுச்சு, யாரு யாரு முறுக்கினான், எவனுக்குத் தெரியும்? வேகமா ஓட்டத்தான் போறேன்னா அந்தப் பழைய ராடை நம்பாதே. உலை இரும்புல அடிச்சு, மேல் தோலுல குண்டுத்தூள் பாய்ச்சி இறுக்குன ராடு வாங்குறது தப்பே இல்லை. கலிபோர்னியாவுல கரில்லோன்னு ஒருத்தர் 1963-லருந்து ராடுக்குன்னே கம்பெனி நடத்திப் பேரு வாங்கினாரு. ஹோண்டாக்காரன் 1987-ல ஆர்சி30ன்னு ரேஸுக்காகச் செஞ்ச ஒரு வண்டிக்கு டைட்டானியத்துலயே ராடு போட்டான். வேகமாப் போறவன் முதல்ல கை வைக்கிற இடம் அதுதான், ஒத்துக்கிறேன்.

ஆனா ராடு மட்டுமா இருக்கு உள்ள?

பழைய ராடு அடியில ஒரு மிதக்குற புஷ்ஷு இருக்கும். உள்ளயும் வெளியயும் ஆயில் படலத்துல மிதந்துக்கிட்டுச் சுத்தும். ஆயில் கொஞ்சம் தாமதிச்சாலும் அது மிதக்காது, ஒட்டும். புல்லட்டோட பழைய ஆயில் பம்ப் நிதானமான வண்டிக்கு அளந்து வச்சது. நீ வாங்குற ரோலர் பேரிங்கு கொஞ்ச ஆயிலுலயும் பொழைக்கும், அது சரி. பொழைக்கும்னு சொன்னேன், பட்டினியில பொழைக்கும்னு சொல்லலை. பம்பைப் பாத்தியா? அதோட வார்ம் பல்லைப் பாத்தியா? பாக்கலை. ராடு மின்னுது, பம்ப் கறுப்பா இருக்கு, கறுப்பா இருக்கிறதை யாரு பாப்பா.

அடுத்தது எடை. இரும்பு ராடு அலுமினியத்தை விடக் கனம். ராடுல ஒரு பங்கு கிராங்கோட சுத்தும், இன்னொரு பங்கு பிஸ்டனோட ஏறி இறங்கும். கனம் மாறினா கிராங்க் வீலுல துளை போட்டுச் சமன் பண்ணி வச்ச கணக்கு எல்லாம் குழம்பும். சமன் பண்ணாம ராடை மட்டும் மாத்திக் கோத்துட்டா ராடு ஒடியாது. ஹேண்டில் ஆடும், கண்ணாடி விழும், நம்பர் பிளேட் வெடிக்கும், உன் கை ரெண்டும் வீட்டுக்கு வந்தப்புறமும் ஆடிக்கிட்டே இருக்கும். பந்தியில பாயாச டம்ளரைப் பிடிச்சா பக்கத்து இலைக்காரனுக்குத்தான் பாயாசம்.

கிராங்கைப் பிரிச்சுக் கோக்குறது லேத் பட்டறைக்காரன் வேலை. டயல் கேஜ் வச்சு, ரெண்டு பக்கமும் சுத்திப் பாத்து, தலைமுடி கனத்துக்கும் கம்மியா ஓட்டம் இருக்கணும். சுத்தியலால ஒரு தட்டுத் தட்டி 'ஓக்கேண்ணே'ன்னு சொல்றவன்கிட்டக் குடுத்துறாதே. அவன் கண்ணு நல்ல கண்ணுதான், மில்லியில நூறுல ஒரு பங்கு தெரியுற கண்ணு மனுசனுக்கு இல்லை. ராடு மேல பேரு வெட்டுறது, நம்பர் குத்துறது, அரம் போட்டு அழகு பண்றது எதுவும் கூடாது. குறுக்கால விழுந்த ஒரு கீறல் போதும், விரிசல் அங்கேருந்து கிளம்பும். உன் பேரை முதல் எழுத்தோட ராடுல பொறிக்கப் போறேன்னு சொன்னியாமே? பேரு நல்ல பேரு, டேங்குல எழுதிக்க.

இதெல்லாம் செஞ்சாச்சுன்னு வச்சுக்க. பலமான ராடு, சமன் பண்ணின கிராங்கு, புது பம்ப், கூடவே போரையும் 87 மில்லியாக்கி 535 சிசி. கம்பெனிக்காரனே 2013-ல கான்டினென்டல் ஜிடின்னு 535 விட்டான், அதே 87 போர், அதே 90 ஸ்ட்ரோக், 29 குதிரைதான் எழுதினான். பிரேம், பிரேக் எல்லாம் புதுசாப் போட்டுத்தான் விட்டான்கிறது உன் காதுல விழலை. உன் வண்டிக்கு முன்னாடி டிரம் பிரேக். அதைப் பிடிச்சா நிக்கும், நிச்சயமா நிக்கும், எந்த ஊருலன்னுதான் தெரியாது.

நம்ம ஊர்ல பாஸ்கா நாடகம் முடிஞ்சு தேர் இழுப்போமே, பாத்திருக்கேல்ல? வடத்துக்கு ஊரே கை போடும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறவன் குனிஞ்சுக்கிட்டே வருவான், அவனை எவனும் போட்டோ எடுக்கமாட்டான். அவன் ஒரு நாள் வரலேன்னா தேர் எங்க நிக்கும்? நீ புது வடம் வாங்கப் போறே. கட்டை போட ஆளில்லை. விராலிமலை ரோட்டுல மயில் குறுக்க வருது, மயிலுக்கு என்ன தெரியும் உன் ராடு சீமை ராடுன்னு.

போலீசையும் ஆர்டிஓவையும் மறந்துட்டே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்சி புக்குல உள்ளதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019-ல திருத்தினப்ப 182ஏன்னு ஒண்ணு சேத்தாங்க. சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா, இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, வேணும்னா ரெண்டும். ராடு உள்ள இருக்கு, யாரு பாக்கப் போறான்னு நீ சொல்லுவே. ராடு சும்மா இருக்கும்டா. சைலன்சர்தான் ஊர் ஊரா வாக்குமூலம் குடுத்துக்கிட்டுப் போகுதே.

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதே. வேகம் தப்பில்லை, இடம்தான் தப்பு. நான் லாரியில மெட்ராஸ் போய்க்கிட்டிருந்த காலத்துல சோழவரத்துல பழைய விமானத் தரையில ரேஸ் நடக்கும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்காரங்க நடத்துவாங்க. ஜனம் கொடையைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கும். அப்புறம் அவங்களே இருங்காட்டுக்கோட்டையில தனியா டிராக்கு போட்டாங்க, தேசியப் போட்டி எல்லாம் அங்க நடக்குது. மயில் கிடையாது, ஆடு கிடையாது, பால்காரர் கிடையாது. விழுந்தாலும் தூக்க ஆள் நிக்கும்.

அமெரிக்காவுல பான்வில்னு ஒரு உப்புத் தரை இருக்கு. 2018-ல அங்க நம்ம சென்னைப் பக்கம் செய்யுற 650 இன்ஜின் வண்டியை ஒரு பொண்ணு மணிக்கு 157 மைல் ஓட்டிச்சு. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 253 கிலோமீட்டர். கேய்லா ரிவாஸ்னு பேரு, வயசு பதினெட்டு. அந்த வேகத்துக்கு வண்டியைத் தயார் பண்ணினது கை தேர்ந்த கம்பெனிக்காரங்க. ஓடினது ஆள் நடமாட்டமே இல்லாத வெளியில. உனக்கு இருபத்தி மூணு வயசு, நீ ஓட்டுறது ரேஷன் கடை வாசல்ல. அந்தப் பொண்ணைப் பாத்துப் பொறாமைப்பட வேணாம், பொறுப்பைப் பாத்துக்க.

இப்ப கேட்டுக்க, என் முடிவு. நம்ம ரோட்டுல 60, 70-ல போறதுக்குப் பழைய ராடு நல்லா இருக்கான்னு பிரிச்சுப் பாத்து, புஷ்ஷு மாத்தி, ஆயில் மாத்தி ஓட்டு. சீமை ராடு வேணாம். இருங்காட்டுக்கோட்டைக்குத்தான் போறேன்னா ராடும் வாங்கு, பம்பும் வாங்கு, கிராங்கையும் சமன் பண்ணு, எல்லாத்துக்கும் முன்னாடி பிரேக்கை மாத்து. பேரு பதிஞ்சுட்டுத் தேதியைச் சொல்லு. பஸ் டிக்கெட் எனக்கும் சேத்துப் போடு, ஜன்னல் சீட்டு.